"மணமான" என்ற ஒரு சொல்

(திருவரங்கத்தில் தோழர்களும் உழைக்கும் மகளிரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

வேலை முடிந்து வீட்டுக்குக்கூடச் செல்லாமல் நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

ஒரு சொல்லைப் பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறேன். ஏட்டிலே எழுதினால் நான்கெழுத்து. ஆனால் அந்த நான்கெழுத்து ஒரு பெண்ணின் ஓராண்டு ஊதியத்தை வாரிக்கொண்டு போய்விடும். அவள் வயிற்றில் வளரும் உயிருக்குரிய பாலையும் மருந்தையும் பறித்துவிடும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதிகளில் 101ஆவது விதி, பேறுகால விடுப்புக்கு உரியவர் யார் என்று கூறுகிறது. அங்கே 'பெண் ஊழியர்' என்பதற்கு முன்னால் வந்து அமர்ந்திருக்கிறது அந்தச் சொல். 'மணமான' என்பதே அது.

இருந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்போர் உண்டு. கேட்டின் கதையைச் சொல்கிறேன். தஞ்சையைத் தாண்டினால் திருவாரூர் மாவட்டம். அங்கே குடவாசலில் ஒரு நீதிமன்றம். அந்த நீதிமன்றத்தில் அலுவலக உதவியாளராகப் பணிபுரிந்த பெண் ஒருவர், 2020இல் கணவனை இழந்தவர். பின்னர் மறுமணம் செய்துகொண்டார், கருவுற்றார், 2024இல் பேறுகால விடுப்புக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் நீதித்துறை நடுவரின் மேசைக்குச் சென்றது. திருமணம் பதிவு செய்யப்படவில்லை என்றார் நடுவர். கரு உண்டானது திருமணத்துக்கு முன்பு என்றார். விடுப்புக் கிடையாது என்று திருப்பி அனுப்பினார். வழக்காடிகளுக்கு நீதி வழங்க அமர்ந்திருப்பவர், தம் அலுவலகத்துக் கடைநிலை ஊழியரிடம், வயிற்றுப் பிள்ளைக்கு வயது எத்தனை வாரம், தாலிக்கு வயது எத்தனை வாரம் என்று கழித்துப் பார்த்தார்!

வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2025 மார்ச்சில் இரு நீதிபதிகள் கொண்ட ஆயம் தீர்ப்பளித்தது. நடுவரின் செயலைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தப் பெண் பட்ட துன்பத்துக்கு 1 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.

கை தட்டுகிறீர்கள். தட்டத்தக்க தீர்ப்புத்தான். எனினும் தீர்ப்பு நடந்து வந்த வழியைச் சற்று உற்றுநோக்குங்கள். மணமான பெண்ணுக்கு விடுப்பு உண்டு. மணம் நடந்ததை எவரும் மறுக்காதபோது, ஐயந்திரிபற மெய்ப்பித்துக் காட்டு என்று வேலை கொடுப்பவர் கேட்கலாகாது. இதுதான் அந்த வழி. அந்த அம்மைக்குக் கணவர் இருந்தார், அதனால் வென்றார். கணவர் என்று காட்ட ஓர் ஆளே இல்லாதிருந்தால்? மணம் செய்வதாகக் கூறிக் கைவிட்டுச் சென்றவனின் பிள்ளையைச் சுமந்திருந்தால்? அல்லது, மணமே வேண்டாம், மகவு மட்டும் போதும் என்று அறிந்தே முடிவு செய்தவராக இருந்தால்? விதிப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் அவர்களுக்கு இடமில்லை. விதியில் சொல் இருந்த காரணத்தால்தான் நடுவருக்கு நாட்கணக்குப் பார்க்கும் துணிவு வந்தது என்பேன் நான்.

இனி நம் திருச்சிக்கு வாருங்கள். மூன்று பெண்களை உங்கள் மனக்கண்முன் நிறுத்துகிறேன். மூவரும் இவ்வூரார், மூவரும் தனியர், மூவரும் கருவுற்றவர்.

முதலாமவர் கண்டோன்மெண்ட்டில் தலைமை அஞ்சலகத்தில் எழுத்தர். அவர் மத்திய அரசு ஊழியர். அவருக்குரிய 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் 43ஆவது விதி, 'பெண் அரசு ஊழியர்' என்று மட்டுமே கூறுகிறது. 180 நாள் விடுப்பு, முழு ஊதியம். கணவர் எங்கே என்று அந்த விதி கேட்பதில்லை.

இரண்டாமவர் அதே கண்டோன்மெண்ட்டில், கூப்பிடு தூரத்தில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தர். அவர் மாநில அரசு ஊழியர். பேறுகால விடுப்பில் தமிழ்நாடு மற்றவர்களுக்கு முன்னே நடந்திருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 90 நாளாக இருந்தது, 2011இல் ஆறு மாதம் ஆயிற்று. 2016இல் ஒன்பது மாதம் ஆயிற்று. 2021 ஜூலை முதல் ஓராண்டு ஆயிற்று. இந்தியத் துணைக்கண்டத்தில் எத்தனை அரசுகள் இவ்வளவு தாராளமாகக் கொடுக்கின்றன? ஆயினும் என்ன! 365 நாள்களை அள்ளிக் கொடுக்கும் கை, கொடுப்பதற்கு முன் கழுத்தைப் பார்க்கிறது. அஞ்சலகப் பெண்ணுக்கு இல்லாத தடை ஆட்சியர் அலுவலகப் பெண்ணுக்கு ஏன்? சாலையின் ஒரு புறம் பிறக்கும் குழந்தைக்கு ஒரு நீதி, மறுபுறம் பிறக்கும் குழந்தைக்கு வேறு நீதியா?

மூன்றாமவர் சின்னக்கடை வீதியிலோ, என்.எஸ்.பி. சாலையிலோ துணிக்கடையில் விற்பனைப் பெண். அவருக்குரியது 1961ஆம் ஆண்டுப் பேறுகாலச் சலுகைச் சட்டம். அதன் விதிகள் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் ஆறாம் அத்தியாயமாகக் குடியேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளன. பத்துப் பேர் வேலை செய்யும் கடையாக இருந்தால் போதும். கூலிக்கு வேலை செய்யும் பெண், அவ்வளவுதான் அந்தச் சட்டத்தின் இலக்கணம். பேற்றுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. கருவுற்றதற்கு மருத்துவச் சான்று கேட்கலாம். கணவனுக்குச் சான்று கேட்க அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது.

சட்டம் இப்படி இருக்க, கடையில் நடப்பது எப்படி? உங்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வயிறு தெரியத் தொடங்கியதும், நீயாகவே நின்றுகொள்ளம்மா, கடைக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரி பேசுகிறார்கள் என்பார் மேலாளர். பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்குக் கணவர் இருக்கிறார். நாளை அவர் வந்து சண்டை போடுவார் என்ற அச்சம் மேலாளருக்கு உண்டு. தனியாய் நிற்கும் பெண்ணுக்கு யார் வருவார்? சட்டம் கேட்காத கேள்வியைக் கடைத்தெரு கேட்கிறது. அரசின் விதிப்புத்தகமே அதே கேள்வியைக் கேட்கும்போது, கடைக்காரரைப் பார்த்து நாம் எந்த வாயால் கண்டிப்பது?

தனியாய்ப் பிள்ளை பெறப்போகும் பெண்ணின் கணக்கைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். 26 வாரத்தில் அதிகம் போனால் 8 வாரத்தைப் பேற்றுக்கு முன் எடுக்கலாம். எடுத்தால் பிள்ளையோடு இருக்க 18 வாரம். எடுக்காமல், பேற்றுக்கு இரண்டு வாரம் முன்புவரை உழைத்தால் பிள்ளையோடு இருக்க 24 வாரம். மாமியாரோ தாயோ வீட்டிலிருக்கும் பெண் முன்னதைத் தேர்ந்தெடுக்கலாம். பிள்ளையைக் கொடுத்துவிட்டு வர ஒரு மடி இல்லாதவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? ஒவ்வொரு வாரத்தையும் பிள்ளைக்காகச் சேர்த்துவைப்பாள். அதற்கு விலையாக ஒன்பதாம் மாதத்திலும் கால் வீங்கக் கடையில் நிற்பாள். பேருந்தில் இடம் கிடைக்காமல் காவிரிப் பாலத்தைக் கடப்பாள். செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவுற்றோருக்கான பரிசோதனை. ஆனால் செவ்வாய்க்கிழமை எந்தக் கடைக்கு விடுமுறை? போனால் அரைநாள் கூலி போகும். போகாவிட்டால் இரத்தசோகை எவ்வளவு என்று தெரியாமலே மாதம் போகும். கூலியா, உடலா என்று வாரந்தோறும் தனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருக்கிறாள் அவள்.

இந்த வழக்கில் அவளுக்குத் துணையாகச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. அதை அறிந்தவர் குறைவு. கேட்டவர் அதனினும் குறைவு. பேற்றுக்கு முந்தைய ஆறு வாரம் இருக்கிறதல்லவா, அதற்கும் முந்தைய ஒரு மாதத்தில், கடுமையான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தனக்குத் தரக்கூடாது என்று அவள் கேட்கலாம். விடுப்பெடுக்காமல் உழைக்கும் பிந்தைய வாரங்களிலும் கேட்கலாம். இலேசான வேலைக்கு மாற்றினார்கள் என்பதற்காகச் சம்பளத்தில் ஒரு காசு பிடிக்கக்கூடாது. கவனியுங்கள்: அவள் கேட்க வேண்டும். கேளாவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்கும் வேலை நம் தோழர்களுடையது. 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, விற்பனையாளர் அமர இருக்கை தரவேண்டும் என்று ஆக்கியது. நாற்காலி வந்த கடைகள் உண்டு. நாற்காலி வந்தும் உட்காரத் துணியாத கடைகளும் உண்டு.

பணியிலிருந்து நீக்கிவிட்டால்? விடுப்பிலிருக்கும்போது நீக்குவது சட்டவிரோதம். கருவுற்றிருக்கையில் நீக்கினாலும் சலுகை போய்விடாது. நாட்கூலிப் பெண்ணுக்கும் இது உண்டு என்று 2000ஆம் ஆண்டில், டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. ஒப்பந்தக் காலம் நடுவில் முடிந்தாலும் சலுகை முடிவதில்லை என்று 2023இல் கூறியது. பிள்ளை பிறந்து வேலைக்குத் திரும்பியபின், பதினைந்து மாதம் வரை பாலூட்ட நாளொன்றுக்கு இருமுறை இடைவேளை. ஐம்பது பேர் வேலை செய்யுமிடத்தில் குழந்தைகள் காப்பகம். நம் திருச்சியின் பெரிய கடைகளில் எத்தனையில் தொட்டில் ஆடுகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்து வாருங்கள், தோழர்களே!

இவ்வூரில் பிறந்து வளர்ந்த நமக்கு மலைக்கோட்டைக் கதை தெரியும். காவிரியில் வெள்ளம். மகளின் பேறுகாலத்துக்கு வந்த தாய் அக்கரையில் நின்றுவிடுகிறாள். இக்கரையில் வலியெடுத்த இரத்தினாவதி தனியே துடிக்கிறாள். இறைவனே தாய் வடிவெடுத்து வந்து பேறு பார்த்தான், அதனால் தாயுமானவன் ஆனான் என்கிறார்கள். நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் கதையாகக் கேட்கட்டும். அந்தக் கதையைக் கட்டியவன் எவனோ, பேறுகாலத்துத் தனிமை எவ்வளவு கொடியது என்பதை நேரில் கண்டவன். அன்றாடம் அந்தக் கோயிலின் படியேறி இறங்கும் அதிகாரி, அலுவலகத்துக்கு வந்ததும் பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்பது எப்படிப் பொருந்துகிறது என்பதை அவரே விளக்கட்டும்!

இவ்வளவையும் கேட்டபின் எதிர்த்தரப்பார் இரண்டு வாதம் வைப்பார்கள். ஒன்று பண்பாடு, மற்றொன்று பணம்.

பண்பாடு என்பாருக்கு விடை எளிது. விடுப்புக் கொடுத்தால் மணமின்றிப் பிள்ளை பெறுவது பெருகும் என்கிறார்கள். ஓராண்டுச் சம்பளம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, ஊரின் ஏச்சையும் உறவின் பகையையும் ஆயுள் முழுதும் சுமக்க எந்தப் பெண் முன்வருவாள்? நம் ஊரில் தனியே பிள்ளை சுமப்பவர் யார் யார் என்று பார்த்தீர்களா? ஆறு மாதக் கருவோடு கணவனை விபத்தில் இழந்தவள். குடிகாரனை விட்டு விலகி வந்தவள், மணவிலக்கு இன்னும் கிடைக்காதவள். மணப்பேன் என்றவன் திருச்சி விமான நிலையத்தில் ஏறிப் போனவன், போன இடத்திலிருந்து கடிதம் நின்றுபோனவள். தானே முடிவெடுத்துத் தாயாக நின்றவளும் ஒருத்தி. இவர்களில் யார் நல்லவள், யார் அல்லாதவள் என்று வரிசைப்படுத்தும் வேலையை விடுப்புப் பிரிவு எழுத்தரிடம் ஒப்படைப்பதுதான் பண்பாடா?

மேலும், இது நேற்று முளைத்த பேச்சன்று. 1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு பேறுகாலப் பாதுகாப்புக்கென ஓர் உடன்படிக்கை செய்தது. அதில் 'பெண்' என்றால் மணமானவளாயினும் ஆகாதவளாயினும் பெண்ணே. 'குழந்தை' என்றால் முறைப்படி பிறந்ததாயினும் அல்லாததாயினும் குழந்தையே என்று இலக்கணம் வகுத்துவிட்டார்கள். நூறாண்டு கடந்துவிட்டது. இந்தியா அந்த உடன்படிக்கையில் ஒப்புதல் கையொப்பம் இடவில்லை. எனினும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் மணத்தைப் பற்றி வாய் திறக்காமல் 'பெண்' என்று எழுதி, அந்த நெறியை ஏற்றுக்கொண்டார்கள்.

தாயின் மணநிலையைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது எத்தகைய கொடுமை என்பதற்கு நம் பக்கத்து ஊரே சாட்சி. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி. தேவதாசி குலத்தில் பிறந்தவர் அவருடைய தாய். 1907இல் மன்னர் கல்லூரியில் சேர முத்துலட்சுமி விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு காரணம், தாயின் குலம் மறு காரணம். புதுக்கோட்டை மன்னர் எதிர்ப்பைத் தள்ளிச் சேர்த்துக்கொண்டார். அவர் மருத்துவரானார், 1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவரும் ஆனார். கருவுற்ற ஏழைப் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் உதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயில் தொடங்கி 18,000 ரூபாய்க்கு வளர்ந்தது. அந்தத் திட்டத்துக்கு அவர் பெயரைத்தான் சூட்டியிருக்கிறோம். பெயரைச் சூட்டிய அரசு, அவர் தாயைப் போன்ற ஒருத்தி இன்று அரசுப் பணியில் இருந்தால் அவளுக்கு விடுப்பு உண்டா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

மணத்துக்குச் சான்று என்னும் பேச்சு நமக்கு வேறொரு வகையிலும் பழக்கமானதே. புரோகிதரின்றி, தீவலமின்றி, மாலை மாற்றி மணந்துகொண்ட ஆயிரக்கணக்கான தம்பதியரின் மணம் செல்லாது என்ற நிலையை 1950களில் உயர்நீதிமன்றத் தீர்ப்பு உண்டாக்கிற்று. செல்லாத மணத்தில் பிறந்தவர் என்ற பழி பிள்ளைகளின்மேல் விழுந்தது. 1967இல் அறிஞர் அண்ணாவின் அரசு சட்டத்தைத் திருத்தியது. முன்பு நடந்த மணங்களும் செல்லும் என்றது. உயிரோடிருக்கும் மனிதரை ஒரு திருத்தம் எப்படித் தலைநிமிர வைக்கும் என்பதைக் கண்ணால் கண்ட நாடு இது.

ஒரு கட்டத்தை நீக்கினால் வானம் இடிந்துவிடவில்லை என்பதற்குப் பிற சான்றுகளும் உண்டு. கடவுச்சீட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016இல் விதி மாறிற்று. வருமானவரி நிரந்தரக் கணக்கு எண்ணுக்கு, தாய் மட்டுமே உள்ளவர் தந்தை பெயர் எழுத வேண்டியதில்லை என்று 2018இல் மாறிற்று. 2017இல் தொடங்கிய பிரதமர் தாய்மை உதவித் திட்டம் முதலில் கணவரின் ஆதார் எண்ணைக் கேட்டது. 2022இல் அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. 2015இல் உச்சநீதிமன்றமே, மணமாகாத தாய் தந்தையின் பெயரை வெளியிடாமல் தன் பிள்ளைக்குக் காப்பாளராகலாம் என்று கூறிவிட்டது. குடும்பம் என்பது ஒரே வடிவில்தான் இருக்கும் என்பதில்லை, ஒற்றைப் பெற்றோர் குடும்பமும் குடும்பமே என்று 2022இல் ஒரு பேறுகால விடுப்பு வழக்கிலேயே கூறியது. நம் மாநிலத்து ஆசிரியை ஒருவரின் வழக்கில், பேறுகால விடுப்பு பெண்ணின் மகப்பேற்று உரிமையின் ஒரு கூறு என்று 2025 மே மாதம் கூறியது. இத்தனைக்கும் பிறகு 101ஆவது விதியில் அந்த நான்கெழுத்து எதைக் காவல் காக்கிறது?

பணம் என்னும் வாதம் அப்படித் தள்ளத்தக்கதன்று. 26 வாரச் சம்பளத்தையும் தனியொரு முதலாளி தலையில் கட்டினால், அவர் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார் என்பது உண்மை. தனியாயிருக்கும் இளம்பெண்ணை எடுக்க மேலும் தயங்குவார். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதா வந்தபோதே டாக்டர் அம்பேத்கர் இதைத் தொட்டுப் பேசினார். தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலனுக்கு. ஆகவே சுமையில் பெரும்பங்கு அரசைச் சாரத்தக்கது. ஆயினும் அவள் உழைப்பில் ஆதாயம் காணும் முதலாளியும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். இதற்கு நம்மிடையே ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்புறுதி, அதாவது ஈ.எஸ்.ஐ. சம்பளத்தில் முதலாளி நூற்றுக்கு 3.25, தொழிலாளி 0.75 என்று எல்லாருக்குமாகக் கட்டுகிறார்கள். பேறுகாலச் சம்பளம் அந்தப் பொதுப்பையிலிருந்து வருகிறது. முதலாளிக்குத் தனிச்சுமை இல்லை. கருவுற்ற பெண்ணை வெளியேற்றுவதில் அவருக்கு இலாபமும் இல்லை. 2017இல் 21,000 ரூபாய்ச் சம்பளம் வரை என்று வகுத்த எல்லையை உயர்த்தி, பத்துப் பேருக்குக் குறைவான கடைகளையும், வீட்டுவேலை செய்யும் பெண்களையும் அந்தப் பைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே நம் கோரிக்கையாக இருக்கட்டும். திருவரங்கத்து நான்கு சித்திரை வீதிகளிலும் உத்தர வீதிகளிலும் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு இந்தச் சட்டம் எதுவும் இன்று பொருந்தாது. மாநில அரசின் விதிக்கும் பணத்துக்குமோ தொடர்பே இல்லை. தனியே பிள்ளை பெறும் அரசு ஊழியர் எத்தனை பேர் இருப்பர்? கருவூலம் காலியாகிவிடுமா?

ஆகவே, தோழர்களே, நாளை முதல் செய்ய வேண்டியதைச் சொல்லி அமர்கிறேன். ஒவ்வொரு வட்டத்திலும் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் தோழர் இருவர், கருவுற்ற தொழிலாளிக்காக மூன்று தாள்களை எழுதித் தரட்டும்: பேறுகால அறிவிப்பு; நிற்கும் வேலை வேண்டாம் என்ற வேண்டுகோள்; 80 நாள் வேலைக்கான வருகைக் கணக்கு. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவராயின் 80 பார்க்க வேண்டாம். தொடர்ந்த இரு பங்களிப்புக் காலத்தில் 70 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அறிவிப்புக் கொடுக்கத் தாமதமாகிவிட்டது என்பதற்காக உரிமை போய்விடாது. அப்படி எவரேனும் மிரட்டினால் எங்களிடம் அழைத்து வாருங்கள்.

101ஆவது விதிக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். அடிப்படை விதியைத் திருத்தச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. அரசாணை ஒன்று போதும். மனு வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. அதில் உங்கள் பெயர், ஊர், வேலை செய்யுமிடம் ஆகிய மூன்றுக்குமே கட்டம் போட்டிருக்கிறோம். கணவர் பெயருக்குக் கட்டம் கிடையாது. போகும்போது கையொப்பமிட்டுச் செல்லுங்கள்.